தாவுகிறவர்களை நீக்க வேண்டாம்

வணக்கம். ஒருவர் ஆபத்துக்கு எவ்வளவு அஞ்சுகிறார் என்று அளக்க, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பத்திரமான பந்தயத்தையோ ஒரு துணிச்சலான பந்தயத்தையோ தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஹோல்ட்–லௌரி பட்டியலில் சிலர் பத்திரமான பக்கத்துக்கும் துணிச்சலான பக்கத்துக்கும் மாறி மாறித் தாவியிருக்கிறார்கள், அவர்களை நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொறுப்புணர்வு குறைந்தவர்களே ஆபத்துக்கு அதிகம் அஞ்சுவதாக முடிவு வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் ஒரே சிக்கல் என்று நினைக்கிறேன்.

2002-இல் வந்த அந்த 10 வரிசைப் பட்டியலில், கீழே போகப் போகப் பெரிய தொகை கிடைக்கும் வாய்ப்பு கூடும்; பத்திரமானதை எத்தனை முறை எடுக்கிறாரோ அவ்வளவு அஞ்சுகிறார் என்று கணக்கு. சராசரி வரவை மட்டும் பார்ப்பவர் முதல் 4 வரிசைகளில் பத்திரமானதை எடுத்து, 5-ஆவதில் மாறுவார். கவனமில்லாமல், காசு சுண்டி நிரப்புகிறவரோ சராசரியாக 5 வரிசைகளில் பத்திரமானதை எடுத்திருப்பார், அதாவது 4-ஐவிட அதிகம். உடனே அவரைப் பயந்தவர் என்று கணக்கு சொல்லிவிடும்! பாவம், அவருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.

முதலில் 10-ஆவது வரிசையைப் பாருங்கள். அங்கே 2 டாலரா, 3.85 டாலரா என்பதுதான் கேள்வி, இரண்டுமே நிச்சயம். அதில் 2-ஐ எடுத்தவர் கவனிக்கவில்லை என்றே அர்த்தம். அப்புறம், சராசரி வரவை மட்டும் பார்ப்பவர் மாறும் இடம் 7-ஆவது வரிசையில் விழும்படி இன்னொரு பட்டியல் செய்து அதே ஆட்களிடம் கொடுங்கள். அதில் பொறுப்புணர்வுக்கும் அச்சத்துக்கும் உள்ள தொடர்பு தலைகீழானால் நீங்கள் அளந்தது குணத்தை அல்ல, தடுமாற்றத்தை.

கவனமானவர்களும் தடுமாறுவார்கள். 1951-லேயே மாஸ்டெல்லர், நோகீ என்ற ஆய்வாளர்கள் ஒரே பந்தயத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது, ஒரே ஆள் வேறு வேறு பதில் சொன்னார். அதனால் விருப்பத்தையும் பிழையையும் தனித்தனி அளவுருக்களாக வைத்து மதிப்பிடுங்கள். உங்கள் ஆய்வு வழிகாட்டி முணுமுணுத்தால் இந்த 4, 5 கணக்கைக் காட்டுங்கள்.