கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: கண்ணை மூடினால் மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் அப்படியே தெரிகிறது. இதை மூளையை ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடிக்கலாமாம் என்கிறான் மகன். உண்மையா ஐயா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: பாதி உண்மை, தங்கச்சி. 2008இல் அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் ஜாக் கேலன்ட் குழுவினர் இரண்டு பேரின் மூளையை ஸ்கேன் எடுத்தபடி 1,750 புகைப்படங்களைக் காட்டினார்கள். மூளையின் பின்புறத்தில் ஒவ்வொரு சிறு துண்டும் படத்தின் எந்த இடத்துக்கு, எந்தச் சாய்வுக் கோட்டுக்கு எவ்வளவு துலங்குகிறது என்று சமன்பாடு கட்டினார்கள். பிறகு 120 புதிய படங்களில் எதைப் பார்த்தார் என்பதை ஒருவரில் 92 வீதம், மற்றவரில் 72 வீதம் சரியாகச் சொன்னார்கள். கெட்டித்தனந்தான்! ஆனால் அது கண்ணால் பார்த்தது. நினைத்துப் பார்ப்பதற்கும் இதே வழி ஓரளவு பொருந்துகிறது, சமிக்ஞைதான் மங்கல். உங்கள் பாலத்தின் இரும்புச் சட்டம் ஒருவேளை அகப்படும், பாடும் மீன் அகப்படாது. மகன் உங்கள் மனதைப் படித்துவிடுவான் என்ற பயம் வேண்டாம்: மணிக்கணக்காக நீங்களே இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்தால்தான் உங்களுக்கான சமன்பாடு கிடைக்கும்.