கேள்வி – பதில்: பிற்பகலில் மணல் மணலாகும் இறப்பர்க் கலவை

கேள்வி: ஏறாவூரில் செருப்பு அடிப்பாகம் செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறோம். எங்கள் பழைய இரட்டை உருளை மில்லில் காலையில் கலவை மெழுகுபோல வருகிறது. பிற்பகலில் மணல் மணலாகி அச்சில் ஓட மறுக்கிறது. சரக்கும் ஆளும் மாறவில்லை. இரண்டு உருளைகளும் ஒரே வேகத்தில் சுற்றாததுதான் காரணமா? இதே மில்லில் பீ.வீ.சீ.யும் கலக்கலாமா?

பதில்: வேக வேறுபாடு பழுது அல்ல; மில் வேலை செய்வதே அதனால்தான். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் இறப்பர் நசுங்கித் தகடாகுமே தவிர, கலக்காது. ஓர் உருளை மற்றதைவிட 1.1 முதல் 1.4 மடங்கு வரை வேகமாகச் சுற்றும்போது, இடுக்கில் அகப்பட்ட இறப்பர் இழுபட்டுக் கிழிந்து மீண்டும் ஒட்டிக்கொள்ள, காபன் கரியும் நாக ஒட்சைட்டும் அதற்குள் பரவுகின்றன.

அந்த உராய்வே சூட்டையும் பிறப்பிக்கிறது. உருளைகளின் உட்குழிவில் நீர் ஓடுவது இந்தச் சூட்டைக் கொண்டுபோகத்தான். உங்கள் நீர்த்தாங்கி கூரைமேல் வெயிலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலை எட்டு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் உருளைக்குள் போகும் நீரைக் கையில் பிடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். நீர் சூடேறினால் உருளையும் சூடேறும். இறப்பரை வேகவைத்து இறுக்கும் கந்தகமும் அதை விரைவுபடுத்தும் ஊக்கியும் சேர்ந்த கலவை, அச்சுக்குப் போகுமுன் மில்லிலேயே வெந்து இறுகத் தொடங்கும். கையில் நெருடும் அந்தக் குருணைகள் வெந்துபோன இறப்பர். எவ்வளவு அரைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பமாட்டா. எட்வின் சாஃபி அமெரிக்காவில் 1836இல் காப்புரிமை பெற்ற உருளை இயந்திரத்தை நீராவியால் சூடாக்கியே ஓட்டினார்கள். கந்தகம் சேர்த்து வேகவைக்கும் முறை அப்போது வந்திராததால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை.

தாங்கியை நிலத்துக்கு இறக்கி, நிழலில் வைத்து, அதே நன்னீரைச் சுழற்றி ஓடவிடுங்கள். வாவியை அண்டிய உவர்க்கிணற்று நீர் குளிர்ச்சியாக இருந்தாலும் வேண்டாம். அது உருளையின் உட்புறத்தை அரித்துவிடும். பிற்பகலில் கந்தகமும் ஊக்கியும் இல்லாத கலவையை மட்டும் அரைத்து, தகடாக எடுத்து ஆறவைத்து, அவ்விரண்டையும் மறுநாள் காலையில் குளிர்ந்த மில்லில் கடைசியாகச் சேருங்கள்.

பீ.வீ.சீ. இதில் சரிவராது. அதற்கு உருளைகளை ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பழைய மில் என்கிறீர்கள்; அவசர நிறுத்தத் தண்டை நாள்தோறும் வெறும் மில்லில் தட்டிப் பாருங்கள். தட்டிய பின்னும் உருளைகள் தொடர்ந்து சுற்றினால், தடுப்பைச் சரிசெய்யும்வரை யாரையும் அதன்முன் நிற்க விடாதீர்கள். மோதிரமும் தொங்கும் சட்டைக் கையும் வேண்டாம். இடுக்கின் மேல் உருளும் இறப்பரை ஒருபோதும் கையால் அழுத்தக்கூடாது. கத்தியால் வெட்டுவது முன்னுருளையின் கீழ்ப்பாதியில் மட்டுமே நடக்கட்டும்.