பாடகர் குழுவின் குரல் அமுங்குவது பற்றி
வணக்கம் சகோதரி. சுங்கை சிப்புட் தேவாலயத்தில் இசையமைப்பாளர் சூபர்ட்டின் ஜி மேஜர் திருப்பலி இசையைப் பதிவு செய்தபோது 32 குரல்களும் வயலின்களுக்குள் அமுங்கின என்கிறீர்கள். மைக்கைக் கூட்டாதீர்கள், முதலில் வாத்தியத்தைக் குறையுங்கள். 1815இல் எழுதிய அந்தப் படைப்புக்குத் தந்திக் கருவிகளும் ஆர்கனுமே போதும். டிரம்பெட், டிம்பனி பின்னர் சேர்ந்தவை. முதல் வயலின் 3, இரண்டாம் வயலின் 3, வியோலா 2, செல்லோ 2, டபுள் பேஸ் 1 போதும்.

பாடகர்களைப் படிமேடையில் ஏற்றுங்கள். முன்வரிசைத் தலை வாயை மறைத்தால் மெய்யெழுத்துகள்தான் முதலில் தொலையும்.

நடத்துநருக்குப் பின்னால், 3 மீட்டர் உயரத்தில் இரண்டு கார்டியாய்டு மைக் (முன்னாலிருந்து வரும் ஒலியை அதிகம் பிடிப்பவை): இடைவெளி 17 செ.மீ., கோணம் 110 பாகை. பாடகர்களுக்குத் தனியாக இரண்டு வைத்தால், கலக்கும்போது முதல் இரண்டு மைக்குகளிலிருந்து அவை இருக்கும் தூரத்துக்கேற்ப, மீட்டருக்கு 3 மில்லிவினாடி வீதம் அவற்றைத் தாமதப்படுத்துங்கள். இல்லையேல் குரல் வாத்தியங்களுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

தகரக் கூரையாயிற்றே, பிற்பகல் மழைக்கு முன் காலையிலேயே முடித்துவிடுங்கள். மின்விசிறிகளையும் நிறுத்துங்கள்.