அமெரிக்க உறைவிடப் பள்ளியில் நிதியுதவி கேட்டால் இடம் கிடைக்காமல் போகுமா?

சென்னையில் எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக அமெரிக்கத் தனியார் உறைவிடப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும்போது, நிதியுதவி கேட்டால் வாய்ப்பு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான பள்ளிகளில் குறையும் என்பதுதான் நேர்மையான பதில். உதவிக்கென ஒதுக்கும் தொகைக்கு எல்லை உண்டு என்பதால், குடும்பத்தின் தேவையையும் கணக்கில் கொண்டே சேர்க்கிறார்கள். மாசசூசெட்ஸிலுள்ள ஆண்டோவர் பிலிப்ஸ் அகாடமி, தேவையைப் பாராமல் சேர்ப்பதென்று 2007-இல் முடிவெடுத்த அரிதான விதிவிலக்கு.

அதற்காக, சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். முதலாண்டில் கேட்காத வெளிநாட்டு மாணவர்களுக்குப் பின்னர் தர மறுக்கும் பள்ளிகள் பல.

நம்மவர்கள் தடுமாறுவது ஆவணங்களில்தான். பள்ளிகளின் நிதியுதவிப் படிவம் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான வருமானத்தைக் கேட்கும். வேலை தரும் நிறுவனம் கொடுக்கும் சம்பள-வரிச் சான்றான நம் படிவம் 16-ஓ ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஆகவே மாதச் சம்பளச் சீட்டுகளைக் கொண்டு கூட்டி, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஒரு குறிப்பும் இணையுங்கள். வேளச்சேரியில் அடுக்ககம் இருந்தால் அதன் மதிப்போடு வீட்டுக் கடனில் எவ்வளவு பாக்கி என்பதையும் எழுதுங்கள். கடனை விட்டுவிட்டால் வசதியானவராகத் தெரிவீர்கள். தாத்தா பாட்டியின் மருத்துவச் செலவையும் கூச்சப்படாமல் குறிப்பிடலாம்.

கிடைப்பது மானியமாக இருந்தால் திருப்பித் தர வேண்டியதில்லை. மீதித் தொகைக்குப் பணம் இருப்பதைக் காட்டினால்தான், மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைப் பள்ளி வழங்கும். விமானக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் உதவியில் அடங்குமா என்பதை முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.