ஆங்கிலத்தில் ‘டவுன் தி டிரெயின்’ (down the drain), ‘பெல்லி அப்’ என்கிறார்களே, எல்லாம் ஒரே தோல்விதானா?

இல்லை. தோல்வியையும் வீண் உழைப்பையும் பேச்சுவழக்கில் சொல்லும் தொடர்கள் இவை. ஆனால் ஒவ்வொன்றும் சுட்டுவது வேறு.

‘டவுன் தி டிரெயின்’ என்றால் போட்ட பணமோ நேரமோ உழைப்போ திரும்பி வராமல் போய்விட்டது என்று பொருள். வடிகாலில் இறங்கிய தண்ணீரை மறுபடி அள்ள முடியாதே, அதிலிருந்து வந்தது. நம் ‘விழலுக்கு இறைத்த நீர்’ இதற்கு மிக நெருக்கம்: இறைத்தவர் உழைத்தார், நீரும் பாய்ந்தது, பயிருக்குத்தான் போய்ச் சேரவில்லை.

‘பெல்லி அப்’ பெரும்பாலும் தொழிலுக்கும் நிறுவனத்துக்கும். செத்த மீன் வயிறு மேலாக மிதக்கும். அதுபோல அந்தத் தொழில் முடிந்தே விட்டது.

‘வைல்ட் கூஸ் சேஸ்’ (காட்டு வாத்துத் துரத்தல்) இவற்றில் சுவையானது. கிடைக்காத ஒன்றைத் தேடி அலைவது என்பது இன்றைய பொருள். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ அது ஒருவகைக் குதிரைப் பந்தயம். முன்னால் போகிறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும், பறக்கும் வாத்துக் கூட்டம் போல மற்றவர்களும் பின்னாலேயே போக வேண்டும்.

‘ஃபிளாகிங் எ டெட் ஹார்ஸ்’ (செத்த குதிரையைச் சாட்டையால் அடிப்பது) என்பது முடிந்துபோன விஷயத்தையே விடாமல் பேசுவது. அமெரிக்காவில் ‘ஃபிளாகிங்’ என்பதற்குப் பதில் ‘பீட்டிங்’ என்பார்கள். சரி, நண்பர்களிடம் இவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். அலுவலகக் கடிதத்தில் வேண்டாம்.

‘பேக் டு தி டிராயிங் போர்டு’ (வரைபலகைக்குத் திரும்புவது) என்றால் கைவிட்டாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், திட்டத்தை முதலிலிருந்து மறுபடி போடப் போகிறோம் என்பதே அதன் பொருள்.