ரெண்டு சைட்டுக்கும் ஒரே எலக்ட்ரீஷியன்: சிவப்புக் குறி ஏன் வரல?

சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்கும் ஏற்காடு காட்டேஜுக்கும், வேலை அட்டவணை போடுற மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் சாஃப்ட்வேர்ல தனித்தனி ஃபைல். ஒரே எலக்ட்ரீஷியனை ஒரே நாள்ல ரெண்டுலயும் போட்டும், ஒருத்தருக்கு வேலை அதிகமாயிடுச்சுன்னு காட்டுற சிவப்பு ஆள் குறி வரலைன்னு கேட்டிருக்கீங்க. வராதுங்க. ஒரு ஃபைல்ல நடக்கிறது இன்னொண்ணுக்குத் தெரியாது.

ஆட்கள் பட்டியல் மட்டும் வெச்சு மூணாவதா ஒரு ஃபைல் போடுங்க. மூணையும் திறந்து வெச்சுக்கிட்டு, ரெண்டு சைட் ஃபைல்லயும் ரிசோர்ஸ் டேப், ரிசோர்ஸ் பூல், ஷேர் ரிசோர்சஸ் போய் அதைத் தேர்ந்தெடுங்க. பேர் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. ஒண்ணுல "எலக்ட்ரீஷியன்", இன்னொண்ணுல "எலக்ட்ரீஷியன் 1"னு இருந்தா ரெண்டு ஆளாத்தான் எடுத்துக்கும். சரியா சேர்ந்துட்டா, மோதுற நாள்ல அவருக்கு 200%, அதாவது ரெண்டு ஆள் வேலைன்னு காட்டும், சிவப்புக் குறியும் வந்துடும்.

உடனே, மோதுற வேலைகளைத் தானா தள்ளிப் போடுற லெவல் ஆல் பட்டனை அமுக்கிடாதீங்க! முதல்ல லெவலிங் ஆப்ஷன்ஸ்ல, மீதி வேலையைத் துண்டு போட அனுமதிக்கிற டிக்கை எடுத்துடுங்க. இல்லைன்னா மேல ஏற்காட்டுல பாதி வேலையில நிறுத்தி, கீழ அஸ்தம்பட்டிக்கு அனுப்பி, திரும்ப மேல கூப்பிடுற மாதிரி போட்டுடும். சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர்ற மனுஷனை அப்படி அலைய விடக்கூடாது.

மழை பிடிக்கிறதுக்குள்ள மேல முடியணும்னா, ஏற்காடு ஃபைலோட ப்ராஜெக்ட் இன்ஃபர்மேஷன்ல பிரையாரிட்டியை 500ல இருந்து 700 ஆக்குங்க. லெவலிங் ஆப்ஷன்ஸ்ல லெவலிங் ஆர்டரை "பிரையாரிட்டி, ஸ்டாண்டர்ட்"னு வெச்சுட்டு அப்புறம் லெவல் ஆல் கொடுத்தா, தள்ளிப் போறது அஸ்தம்பட்டி வேலையா இருக்கும்.