ரவென்னாவில் ஒரு பகல்: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு எதைப் பார்ப்பது?

கேள்வி: இத்தாலியில் பொலோன்யாவில் தங்கப்போகிறோம். ஒரே ஒரு நாள் ரவென்னா போய் பழைய தேவாலயங்களைப் பார்க்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: எல்லாம் வேண்டாம். யுனெஸ்கோ 1996-இல் பட்டியலில் சேர்த்தவை மட்டுமே எட்டு இடங்கள். நீங்கள் மூன்றைப் பாருங்கள், நின்று நிதானமாக.

பொலோன்யாவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். ஊர் சமதரைதான். ஆனாலும் நிலையத்திலிருந்து டாக்சி பிடித்து நேராக சான் வித்தாலே தேவாலயத்துக்குப் போய்விடுங்கள். அம்மாவின் கால் தெம்பை உள்ளே நிற்பதற்கு மிச்சம் வையுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்தான், இணையத்திலேயே எடுத்துவிடலாம்.

சான் வித்தாலே வளாகத்திலேயே ரோமப் பேரரசி கல்லா ப்ளாசிதியாவின் பெயரில் ஒரு சிறு கல்லறை மண்டபம் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். அதற்கு மட்டும் நேரம் குறித்து முன்பதிவு செய்யவேண்டும். உள்ளே சில நிமிடங்களே விடுவார்கள். அதனால் போனைப் பையிலேயே வையுங்கள். நுழைந்ததும் இருட்டாகத்தான் தெரியும். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல். தேன் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் கசியும். கண் பழகப் பழகத்தான் தலைக்குமேல் சின்னச் சின்ன வண்ணச் சில்லுகளால் (மொசைக்) பதித்த கருநீல வானமும் பொன் நட்சத்திரங்களும் ஒவ்வொன்றாகத் தெரியவரும். படமெடுத்தே நேரத்தைக் கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

அடுத்து, 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் வித்தாலே. பீடத்தின் ஒரு பக்கச் சுவரில் பேரரசர் ஜஸ்டினியன், எதிரே அரசி தியோடோரா. பொன் சில்லுகளை மட்டமாகப் பதிக்காமல் லேசாகச் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். இரண்டடி நகர்ந்து பாருங்கள், ஒளி இடம் மாறும். சின்ன பைனாகுலர் இருந்தால் தியோடோராவின் அங்கிக் கரையில் குழந்தை இயேசுவைப் பார்க்கக் காணிக்கையோடு போகும் மூன்று ஞானிகளும் தெரிவார்கள்.

தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். சேலை, சுடிதார் என்றால் கவலையே இல்லை.

திரும்பும் வழியில், நிலையத்துக்குப் பக்கத்திலேயே சாந்த் அப்போல்லினாரே நுவோவோ தேவாலயம். கோத் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசர் தியோடோரிக், இயேசு கடவுளுக்குக் கீழானவர் என்று நம்பிய ஏரியன் கிறிஸ்தவப் பிரிவினருக்காகக் கட்டியது. பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசினர்) ஊரைப் பிடித்து, கோயில் கத்தோலிக்கரிடம் வந்தபின், அரண்மனைச் சித்திரத்தில் நின்றவர்களைப் பெயர்த்துவிட்டுத் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். பீடத்தைப் பார்த்து நின்றால் வலச்சுவரில், வாசலோரம் அது இருக்கிறது. அம்மாவுக்கு அந்தத் தூண்களைக் காட்டுங்கள். ஆட்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய கைகள் மட்டும் இன்னும் தூண்மேல் இருக்கின்றன.